ஆற்றுப்படை யாருடைய குரல்? – பாலைவழிப் பாணரும் தார்ப் பாலைவனத்துக் குலப்பாடகரும்

கொடிய வெயில், நிழல் அற்ற நெடுவழி, தோளில் யாழ், நடந்து தளர்ந்த விறலி, பசித்த சுற்றம், எதிரே பரிசில் பெற்று மீளும் மற்றொரு கலைஞன் – சங்க காலப் பாணரைப் பற்றித் தமிழ்த் திறனாய்வு வரைந்து வைத்திருக்கும் ஓவியம் பெரும்பாலும் இதுவே. பத்துப்பாட்டின் ஆற்றுப்படை நூல்களிலிருந்து எடுக்கப்பட்ட இக்காட்சி, காலப்போக்கில் பாணர் சமூகம் முழுமைக்குமான வரலாற்றுச் செய்தியாகவே கொள்ளப்பட்டுவிட்டது. பாணர் நிலையான ஊர் இல்லாத அலைகுடிகள். வறுமையால் வள்ளலை நாடுபவர். தாம் பெற்ற வளத்தைப் பிறரும் பெற வேண்டும் என்னும் பெருந்தன்மை உடையவர் என்ற மூன்று முடிபுகள் பாடநூல் முதல் ஆய்வேடு வரை மாறாமல் வழங்கி வருகின்றன. இம்மூன்றும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் மரபுகளே அன்றிப் பாணர் வாழ்வின் நேரடிப் பதிவுகள் ஆகா என்பதையும், ஆற்றுப்படையில் ஒலிப்பது பாணன் குரலினும் புரவலன் குரலே என்பதையும், இந்தியப் பாலைவனம் ஒன்றில் இன்றும் வாழும் குலப்பாடகர் மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பாணரைப் பிறநாட்டுப் பாடகரோடு ஒப்பிடும் முயற்சி புதியதன்று. க. கைலாசபதி 1968இல் ஆக்சுபோர்டு வெளியீடாக வந்த தம் ஆங்கில நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிய, வேல்சு வீரநிலைப் பாடல்களோடு வைத்து நோக்கினார். மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் ஓமரின் காவியத்தை விளங்கிக்கொள்ள யூகோசுலாவிய நாட்டுப் பாடகரைத் தேடிச் சென்று பதிவு செய்த முறையே கைலாசபதியின் வாய்மொழி வாய்பாட்டுக் கொள்கைக்கு அடிப்படை. ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில் பாணரையும் புலவரையும் வேறு பிரித்தார். பாணர் தாழ்நிலையில் வைக்கப்பட்ட குலக்கலைஞர். புலவர் அவர்தம் பாட்டு மரபைப் பின்பற்றிப் பாடிய உயர்நிலையினர் என்பது அவர் கருத்து. ஹெர்மன் டீக்கன் 2001இல் இன்னும் ஓரடி சென்று, இப்பாடல்கள் யாவும் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் அவைக்களத்தில் பழங்கால மாந்தரின் வேடம் புனைந்து பாடப்பட்டவை என்றார். டீக்கனின் காலக்கணிப்பைத் தமிழறிஞர் பெரும்பாலோர் ஏற்கவில்லை, ஏற்பதற்கும் இல்லை. ஆயினும் புலவன் பாணனின் வாயால் பேசுகிறான் என்ற கருத்தைக் காலக்கணிப்போடு சேர்த்துத் தள்ளிவிட்டது இழப்பே. ஆற்றுப்படையை விளக்குவதற்கு அக்கருத்து மிக இன்றியமையாதது.

பாரியும் லார்டும் பால்கன் மலைகளில் தேடியதைத் தமிழாய்வு தேட வேண்டிய இடம் அத்துணைத் தொலைவில் இல்லை. இராசத்தானின் மேற்கே ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களிலும், எல்லைக்கு அப்பால் சிந்து மாகாணத்திலும் வாழும் மாங்கணியார், லங்கா என்னும் குலப்பாடகர் மரபு ஒப்பீட்டுக்கு உரியது. மற்றொரு களம் சேரநாடு. பாணர் என்ற பெயரோடே ஒரு குடி அங்கு இன்றும் வாழ்கிறது.

பாலை என்னும் சொல்

ஒப்பிடுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழ்ப் பாலை தார்ப் பாலைவனம் போன்றதன்று. தொல்காப்பியர் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. அதனை நடுவுநிலைத் திணை என்றே குறிக்கிறார். முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதை தரும் விளக்கம். எனவே தமிழ்ப் பாலை ஓர் இடம் என்பதைவிட ஒரு பருவம் எனலாம். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரு வழி. அதில் குடியிருப்போரைவிடக் கடந்து செல்வோரே பாடல்களில் மிகுதி. தார் நிலமோ ஊர்கள் நிறைந்தது. ஆடும் ஒட்டகமும் மேய்ப்போர், மழை பெய்தால் கம்பு விதைப்போர், குளம் வெட்டி நீர் காப்போர் வாழும் நாடு. 'பாலைவனத்து நாடோடிப் பாடகர்' என்ற தொடரைக் கேட்டதும் மனத்தில் எழும் வெறுமை அங்கு இல்லை. இந்த வேறுபாட்டை மறந்து வெப்பத்தையும் மணலையும் மட்டும் ஒப்பிடுவது பயன் தராது. ஒப்பிட வேண்டியது நிலத்தை அன்று. பாடுவோனுக்கும் கொடுப்போனுக்கும் இடையிலான உறவை.

பாலை என்பது தமிழில் ஒரு யாழின் பெயராகவும் பண்ணின் பெயராகவும் இருப்பது இங்கு நோக்கத்தக்கது. பொருநராற்றுப்படை (21–22) பாலைப் பண்ணைக் கேட்ட வழிப்பறிக் கள்வர் தம் படைக்கலத்தைக் கைவிட்டு அருள் உள்ளம் கொள்வர் என்கிறது. இதனை உயர்வு நவிற்சி என்று உரைகள் பாராட்டிச் செல்லும். ஆனால், வாளில்லாமல் கள்வர் வழியில் நடக்கும் ஒருவனுக்கு அவன் கையிலுள்ள கருவியே காப்பு என்பதையும் இப்பகுதி உணர்த்துகிறது. பாடுவோனைத் தீண்டலாகாது என்ற வழக்கு சமூகத்தில் இருந்தாலன்றி இக்கற்பனை பிறக்க வழியில்லை.

தார்ப் பாலைவனத்துக் குலப்பாடகர்

மாங்கணியார் இசுலாமியர். அவர்தம் புரவலருள் பெரும்பாலோர் இராசபுத்திரர் முதலிய இந்துக் குடிகள். லங்காக்களும் இசுலாமியரே, அவர்தம் புரவலர் சிந்தி சிப்பாகி எனப்படும் இசுலாமியக் குடியினர். மாங்கணியாரின் தலைமைக் கருவி கமாயிச்சா. மாமரத்தைக் குடைந்து தோல் போர்த்து வில்லால் இழைத்து இசைப்பது. நரம்பை விரலால் மீட்டும் யாழினின்று வேறுபட்டது. லங்காக்கள் சிந்தி சாரங்கியை இசைப்பர். கர்த்தால் எனப்படும் மரக்கட்டைகளும் டோலக்கும் துணைக் கருவிகள். கமாயிச்சாக் கலைஞர் சாகர் கான் 2012இலும், அன்வர் கான் 2020இலும், சிந்தி சாரங்கி வல்ல லாகா கான் 2021இலும் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

இவர்களைப் பற்றிய அறிவுக்குப் பெரிதும் கடன்பட வேண்டியவர் கோமல் கோத்தாரி (1929–2004). எழுத்தாளர் விஜய்தான் தேதாவுடன் சேர்ந்து 1960இல் போருந்தா என்னும் சிற்றூரில் அவர் தொடங்கிய ரூபாயன் சன்ஸ்தான் நிறுவனம் பாடல்களை மட்டும் தொகுக்கவில்லை. யார் யாருக்குப் பாடுகிறார்கள், எதற்காகப் பாடுகிறார்கள், என்ன பெறுகிறார்கள் என்பதையும் தொகுத்தது. டேனியல் நியூமனும் சுபா சௌத்ரியும் கோத்தாரியுடன் இணைந்து 2006இல் வெளியிட்ட மேற்கு இராசத்தான் இசைமரபு நிலப்படத் தொகுப்பு இவ்வகை ஆய்வின் சிறந்த பயன். தமிழ் நாட்டார் வழக்காற்றியலில் பாடல் தொகுப்புகள் பல உண்டு. பாடுவோனின் வரவு செலவைத் தொகுத்தவை மிகச் சில.

இப்பதிவுகள் காட்டும் முதற்செய்தி, மாங்கணியார் நாடோடிகள் அல்லர் என்பது. அவர்களுக்கு ஊர் உண்டு, வீடு உண்டு. புரவலர் வீட்டில் குழந்தை பிறந்தால், திருமணம் நிகழ்ந்தால் அங்குச் சென்று பாடுவது அவர்தம் கடமை. சென்று மீளும் வட்டம் பெரிதாயினும் அது வரையறுத்த வட்டம். இரண்டாவது, புரவலன் என்பவன் தேடிக் கண்டடையப்படுபவன் அல்லன், பிறப்பால் வாய்ப்பவன். ஜஜ்மான் எனப்படும் புரவலர் குடும்பங்கள் தந்தையிடமிருந்து மக்களுக்கு நிலம்போலப் பாகம் பிரிந்து சேரும். மூன்றாவது, பாடகனின் முதற்பணி பாட்டன்று. புரவலனின் குலமுறையை நினைவில் காத்தல். 'சுபராஜ்' என்னும் குலமுறைப் புகழ்ச்சி, பாட்டுக்கு முன் உரத்த குரலில் ஓதப்படும். எழுத்தில் இல்லாத ஒரு குடியின் வரலாறு மற்றொரு குடியின் நாவில் இருக்கிறது.

பெயர்கள் இரண்டு இங்கு ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மாங்கணியார் என்பதை இரத்தலைக் குறிக்கும் வினையோடு தொடர்புபடுத்துவது பொதுவழக்கு. வடமேற்கு இந்திய இசுலாமிய இசைக்குடிகளுக்கு வழங்கும் மற்றொரு பெயர் மிராசி. இது மரபுரிமை எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வழிவந்தது. தஞ்சை மாவட்டத்தில் நிலவுரிமையைக் குறித்த 'மிராசு', 'மிராசுதார்' என்பனவும் அதே சொல்லின் கிளைகளே. ஒரே தொழிலை ஒரு பெயர் பிச்சை என்கிறது; மற்றொன்று பரம்பரைச் சொத்து என்கிறது. 'இரவலர்' என்ற சொல்லை மட்டும் கொண்டு சங்கப் பாணரை எடைபோட்ட திறனாய்வுக்கு இது தக்க எச்சரிக்கை.

இருக்கையும் செலவும்

இவ்வெளிச்சத்தில் தமிழ்ச் சான்றுகளை மீளவும் நோக்கினால், ஆற்றுப்படைக்கு வெளியே வேறொரு பாணர் சமூகம் தென்படுகிறது. மதுரைக்காஞ்சி (342) மதுரை நகரில் நெடுங்காலமாக நிலைபெற்ற பெரும்பாணர் இருக்கையைக் குறிப்பிடுகிறது. புறநானூற்று 348ஆம் பாடலில் மீன் சீவும் பாண்சேரி வருகிறது. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்கள் மூன்றில் (47, 48, 49) பாண்மகள் மீன் கொண்டுவந்து வட்டியில் சொரிகிறாள். மனையோள் அவ்வட்டி நிறையப் பயறும் பழநெல்லும் தருகிறாள். 48ஆம் பாடல் அவள் தந்தையை வலைத்தொழில் வல்லவன் என்றே அடையாளப்படுத்துகிறது. யாழ் வைத்திருந்த குடியே வலையும் வைத்திருந்தது. விழாவும் பரிசிலும் இல்லாத நாள்களில் அக்குடி எவ்வாறு பிழைத்தது என்ற கேள்விக்கு ஓரம்போகியார் போகிறபோக்கில் விடை தந்துவிடுகிறார். ஆற்றுப்படை நூல்களில் இம்மீன் முதன்மை பெறுவதில்லை. அங்கு ஆற்றுப்படுத்தப்படும் பாணனுக்குத் தொழில் ஒன்றே, பசியும் ஒன்றே.

சிறுபாணாற்றுப்படை காட்டும் வறுமைக் காட்சி தமிழில் நிகரற்றது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையைக் கவ்வ, ஈன்ற நாய் குரைக்கும் அட்டில். கூரை இற்ற அவ்வீட்டில் உப்பின்றி வெந்த குப்பைக்கீரையைப் புறங்கூறுவோர் காணாதபடி கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ணும் மனைவி. இப்பகுதியை வறுமையின் சித்திரமாக மட்டுமே படித்து வந்துள்ளனர். ஆனால் கதவடைப்பதற்கு ஒரு கதவு வேண்டும்; காணாமல் மறைப்பதற்கு அண்டை வீட்டார் வேண்டும்; மானம் என்பது ஒரு தெருவில் நிலையாக வாழ்வோருக்கே இவ்வளவு கூர்மையாக இருக்கும். நல்லூர் நத்தத்தனார் வரைந்தது வீடற்றவனின் வறுமையை அன்று, வீடுள்ளவனின் வறுமையை.

பாணர் குடியில் இசை பரம்பரைச் செல்வமாகக் கைமாறியது என்பதற்குப் பிற்காலத் தமிழ் மரபும் சான்று தருகிறது. திருமுறை கண்ட புராணத்தின்படி, தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்தபின் பண் தெரியாமல் திகைத்தபோது, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்தே பண்முறை பெறப்பட்டது. புராணச் செய்திதான். எனினும் சொல் ஏட்டிலும் இசை ஒரு குடியின் உடலிலும் இருந்தன என்று பதினான்காம் நூற்றாண்டுச் சைவ மரபு நம்பியது என்பதற்கு அது போதிய சான்று.

ஆற்றுப்படுத்தலும் புரவுரிமையும்

இதுகாறும் ஒற்றுமை கண்டோம். ஒப்பீடு உண்மையில் பயன் தருவது அது முறியும் இடத்தில்தான்.

மாங்கணியார் சமூகத்தில் ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை தோன்றியிருக்க இயலுமா? இயலாது. ஒருவனுக்குரிய புரவலர் அவனுக்கு மட்டுமே உரியவர். வழியில் கண்ட மற்றொரு பாடகனை அழைத்து, 'என் புரவலனிடம் செல். இன்ன வழியாகப் போ. நான் பெற்றதை நீயும் பெறுவாய்' என்று கூறுவது தன் மக்களின் பாகத்தை அயலானுக்கு எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அதனால் எழும் இடர் பாடகனுக்கு மட்டுமன்று. புரவலன் குடியின் குலமுறையை அறியாத ஒருவன் அவன் முற்றத்தில் நின்று எதனை ஓதுவான்?

தமிழ் ஆற்றுப்படை இதற்கு நேர்மாறானது. யாரும் வரலாம், யாருக்கும் கொடுப்பான் என்பதே அதன் அடித்தளம். தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படையைக் கூத்தர், பாணர், பொருநர், விறலி என்னும் நால்வர்க்கும் உரியதாகப் பாடாண் திணையில் வைக்கிறது. அவ்விலக்கணத்தில் பெற்ற பெருவளத்தைப் பெறாதார்க்கு அறிவுறுத்தல் என்ற செயல் கூறப்படுகிறதேயன்றி, அதற்குக் காரணமான உள்ளம் கூறப்படவில்லை. பெருந்தன்மை என்ற காரணம் பிற்காலத்தார் சேர்த்தது. பாடாண் என்ற சொல்லோ பாடப்படும் ஆண்மகனை நோக்கியது. திணைப்பெயரே இப்பாட்டு யாருக்காக என்பதைச் சொல்லிவிடுகிறது.

நூல்களின் உள்ளடக்கம் இதனை உறுதி செய்கிறது. பெரும்பாணாற்றுப்படை (39–43), இளந்திரையன் காவல் செய்யும் பரந்த நாட்டில் வழிப்போக்கரை அலறத் தாக்கிப் பொருள் பறிக்கும் கொடியோர் இல்லை என்றும், அங்கு இடியும் தீங்கு செய்யாது, பாம்பும் கொல்லாது என்றும் தொடங்கும்போதே அறிவிக்கிறது. பொருநராற்றுப்படையில் கள்வரை அடக்கியது பாணரின் பண். இங்கு அடக்கியது அரசனின் காவல். வழியின் காப்பு இசையிலிருந்து ஆட்சிக்கு மாறிவிட்டது. இவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்துப் படித்தால், அலைந்து திரியும் கலைஞன் எவ்வாறு ஓர் ஆட்சிப்பரப்பின் சான்றாளனாக ஆக்கப்படுகிறான் என்பது விளங்கும். அடுத்து வருவது உப்பு வணிகரின் வண்டி வரிசை, சுங்கம் கொள்ளும் பெருவழி, கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து நிலவுரலில் குற்றும் எயிற்றியர் குடில், பின் ஆயர், உழவர், வலைஞர், மறையவர் குடியிருப்புகள், இறுதியில் கச்சி. ஒவ்வோர் இடத்திலும் இன்ன உணவு கிடைக்கும் என்ற குறிப்பு உண்டு. பசித்த பாணனுக்கு இது வழித்துணை. இளந்திரையனுக்கு இது தன் ஆட்சிக்கு உட்பட்ட நிலங்களின், குடிகளின், விளைபொருள்களின் பட்டியல். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என ஓய்மா நாட்டு ஊர்கள் நெய்தல் முதல் மருதம் வரை வரிசையாக வருவதும், மூவேந்தர் தலைநகரும் எழுவர் வள்ளன்மையும் நல்லியக்கோடனுக்கு ஒப்பாகா என்று கூறப்படுவதும் இந்நோக்கினவே. சிறிய நாட்டின் தலைவன் ஒருவனுக்கு வஞ்சியும் கூடலும் உறந்தையும் வறியன என்று சொல்லவைக்க வேண்டிய தேவை இருந்தது. பாணனுக்கு அத்தேவை இருந்திருக்கக் காரணம் இல்லை.

மலைபடுகடாம் இதனினும் வெளிப்படையானது. நன்னனின் வயிரியர் யாம் என்று கூறினால் வழியில் உள்ள குடியிருப்பினர் உறவினரைப்போல் ஏற்று உணவளிப்பர்; உங்கள் வீட்டில் நுழைவதுபோல் நுழையுங்கள் என்கிறது அந்நூல் (164–165). கூத்தர் இன்னும் நன்னனைக் காணவே இல்லை. காணுமுன்பே அவன் பெயரைத் தம் அடையாளமாகத் தாங்குகின்றனர். மாங்கணியாருக்குப் புரவலன் பெயர் பிறப்பால் வருகிறது; இக்கூத்தருக்கு அது வழியில் சூட்டப்படுகிறது.

ஆகவே, ஆற்றுப்படை காட்டும் திறந்த வாயில், பழைய குலவுரிமை உறவு ஒன்றை உடைத்துக்கொண்டு, அல்லது அதற்கு மேலாக, குறுநில மன்னரும் வேந்தரும் புகழைப் பரந்த அளவில் ஈர்க்க முனைந்த சூழலின் வெளிப்பாடு எனக் கொள்வது பொருந்தும். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கினும் வேறு குடி இல்லை என்று சிற்றூரின் நிலையைப் பாடும் மாங்குடி கிழாரின் பாட்டு (புறம். 335) அப்பழைய உறவின் எச்சத்தைக் காட்டுகிறது. அச்சிற்றூரில் பாணனை யாரும் ஆற்றுப்படுத்த வேண்டியதில்லை, அவன் அவ்வூர்க்காரன்.

சேரநாட்டுச் சான்றுகள்

பாணர் தமிழகத்தில் மறைந்துபோயினர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் பாணர் மறைந்துபோகவில்லை. தமிழ்ப் பகுதியில் தையல் தொழிலராகவும், மலபாரில் ஓலைக்குடை முடைவோராகவும் பேயோட்டுவோராகவும் இருக்கின்றனர். மறைந்தது யாழ், குடியன்று. கேரளத்தில் கர்க்கடக மாதத்து இரவின் பிற்பகுதியில் பாணனும் பாட்டியும் – பாணர்குலப் பெண்ணுக்குச் சங்கத் தமிழில் பாட்டி என்றும் பெயர் உண்டு – வீடுதோறும் சென்று பாடும் துயிலுணர்த்துப் பாட்டு மரபு அறியப்பட்டது. தொல்காப்பியம் துயிலெடை நிலையைச் சூதருக்கு உரியதாக்கி அரசனின் பாசறையில் வைக்கிறது. சேரநாட்டில் அது பாணரிடம், சாதாரண வீட்டு முற்றத்தில் எஞ்சியிருக்கிறது. பறையி பெற்ற பன்னிரு குலம் என்னும் கேரளத் தொன்மத்தின் பன்னிருவருள் ஒருவர் பாணனார் என்பதும் இணைத்து எண்ணத்தக்கது. வீணையும் குடமும் கொண்டு வீடுதோறும் நாவேறு கழிக்கப் பாடும் புள்ளுவரும் இவ்வரிசையில் வருவர்.

ஒப்பீட்டுக்கு மிக வேண்டியது வடகேரளத் தெய்யம் ஆடும் வண்ணான், மலையன், வேலன் முதலிய குடிகளிடையே வழங்கும் 'செறுஜன்மம்' என்னும் உரிமை. இன்ன எல்லைக்குள் தெய்யம் கட்டும் உரிமை இன்ன குடும்பத்துக்கே என்பது அதன் சாரம். அவ்வெல்லையை மற்றவர் மீற இயலாது. நிலத்துக்கு ஜன்மம் உண்டு. ஆட்டத்துக்கும் ஜன்மம் உண்டு. தாரில் உரிமை குடும்பங்களின்மீது, மலபாரில் நிலத்தின்மீது. இரண்டிடத்தும் அது கலைஞனுக்குரிய சொத்து. மேற்கே மணல்வெளியிலும் தெற்கே மழைநாட்டிலும் ஒரே வகை உரிமை காணப்படும்போது, இடையே உள்ள பண்டைத் தமிழகத்துப் பாணருக்கு அது இருந்ததே இல்லை என்பதற்குத்தான் சான்று காட்ட வேண்டியிருக்கும்.

திருவனந்தபுரத்திலிருந்து இயங்கும் தமிழாய்வுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. வ. அய். சுப்பிரமணியம் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்டது. சங்கச் சொற்களை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்க்கும் ஒழுக்கத்தை அந்நகரம் தமிழுலகுக்குத் தந்தது. அச்சொல்லடைவில் பாணன் என்ற சொல் நிற்கும் இடங்களை ஒருபுறமும், அதே பெயரில் சில மணி நேரப் பயணத் தொலைவில் வாழும் குடியின் பாட்டை மறுபுறமும் வைத்துக் காணும் வாய்ப்பு, மலையாளமும் தமிழும் ஒருங்கே அறிந்த ஆய்வாளருக்கு உள்ளது. அவ்வாய்ப்பு போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. செவ்வியல் இலக்கியம் ஒரு துறையினருக்கும் நாட்டார் வழக்காறு வேறு துறையினருக்கும் எனப் பிரிக்கப்பட்டதே காரணம் போலும்.

சேரரைப் பாடும் பதிற்றுப்பத்து மற்றொரு வகையில் முதன்மை பெறுகிறது. சங்கப் பாடல்களில் சுபராஜ் போன்ற குலமுறை ஓதல் பெரும்பாலும் இல்லை. விதிவிலக்கு, பதிற்றுப்பத்தின் பதிகங்கள். இன்னானுக்கு இன்னாள் ஈன்ற மகன், இன்ன வெற்றி கொண்டான், இத்தனை ஆண்டு வீற்றிருந்தான், பாடியவர் இன்னது பெற்றார் எனச் செல்லும் பதிகம், மரபுவழிப் பாடகன் ஓதும் குலமுறையின் அமைப்பை ஒத்திருக்கிறது. பரிசிலைத் தெளிவாகக் குறிப்பதும் அம்மரபே. ஏழாம் பத்துக்குக் கபிலர் பெற்றது நூறாயிரம் காணமும் நன்றா என்னும் குன்றேறி நின்று கண்ட நாடும். பதிகங்களைப் பிற்காலச் சேர்க்கை என்று ஒதுக்கும் ஆய்வாளர் உளர். பிற்பட்டவையே ஆயினும், அவற்றின் வாய்பாடு எங்கிருந்து வந்தது என்ற வினா எஞ்சுகிறது.

விலக்கும் உரிமை

கொடாத புரவலனை மாங்கணியாரும் லங்காக்களும் விலக்கி வைக்கலாம் என்பது கோத்தாரியின் பதிவுகளில் வரும் செய்தி. திருமண முறிவைக் குறிக்கும் 'தலாக்' என்ற சொல்லே அதற்கும் வழங்குகிறது. விலக்கப்பட்டவனுக்குப் பாட வேறு பாடகன் முன்வரமாட்டான். பாடுவோன் இல்லாத வீட்டில் திருமணம் குறைபட்டதாகும். குலமுறை ஓதப்படாமல் நின்றுபோகும். வாங்குபவன் கையில் உள்ள இவ்வதிகாரத்தை அறிந்தபின் இரத்தல் என்ற சொல்லின் எடை மாறுகிறது.

பெருஞ்சித்திரனாரின் பாட்டுகளை இதனோடு இணைத்து நோக்கலாம். இளவெளிமான் தகுதி அறியாமல் சிறிது கொடுத்தபோது அதனைக் கொள்ளாது சென்று, குமணனிடம் யானை பெற்று வந்து, அதை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டுச் செல்கிறார் (புறம். 162). காணாமல் பரிசில் அனுப்பிய அதியமானிடம், தாம் வாணிகப் பரிசிலன் அல்லர் என்கிறார் (புறம். 208). இவற்றைப் புலவரின் தன்மானம் என்று தனிமனிதப் பண்பாகப் போற்றுவதே நடைமுறை. ஆனால் காவல்மரத்தில் யானை கட்டுதல் ஊரறியச் செய்யும் சடங்குத் தன்மை வாய்ந்த செயல். பொருளைப் பொறுத்தவரை புரவலனை விலக்கும் மரபுக்கு அது மிக அணுக்கமானது. வேறுபாடும் உண்டு. இளவெளிமானை விட்டு நீங்க இயன்றது, போவதற்குக் குமணன் இருந்தமையால். தாரில் பாடகன் தன் இனத்தாரின் ஒற்றுமையை நம்பிப் புரவலனை விலக்குகிறான். தமிழ்ப் புலவன் புரவலர்களின் போட்டியை நம்பி விலக்குகிறான். பாணன் ஒருவன் அவ்வாறு காவல்மரத்தில் யானை கட்டியதாகப் பாட்டு இல்லை. அவமதிப்புக்கு விடை கூறும் குரல் புலவருக்கே கிடைத்தது. அகப்பாடல்களில் பாணன் பரத்தைக்குத் தூதாகித் தலைவியின் வசையைக் கேட்டு நிற்பவன். அவனது மறுமொழி பெரும்பாலும் பதிவாவதில்லை.

மேடையும் தொகையும்

1947ஆம் ஆண்டுப் பிரிவினை பாடகரையும் புரவலரையும் எல்லையின் இருபுறமும் பிரித்தது. சமீன்களும் சமஸ்தானங்களும் ஒழிந்தபின் புரவலர் குடிகளின் வளம் சுருங்கியது. 1960களுக்குப் பின் மாங்கணியாரும் லங்காக்களும் தில்லி மேடைக்கும் அயல்நாட்டு விழாக்களுக்கும் சென்றனர். கேரளத்தைச் சேர்ந்த நாடக இயக்குநர் ராய்ஸ்டன் ஏபல் 2006இல் அமைத்த மேடையாக்கத்தில் மாங்கணியார் சிவப்புத் திரையிட்ட அறைகளில் ஒவ்வொருவராக வெளிப்பட்டுப் பாடி உலகைச் சுற்றினர். டோனி காட்லிஃபின் 1993ஆம் ஆண்டுத் திரைப்படமான லாட்சோ டுரோம் இராசத்தான் பாடகரை ரோமா மக்களின் தொடக்கமாக, ஓயாது பயணம் செய்வோராகக் காட்டியது. ஊரும் வீடும் புரவலர் பட்டியலும் உடைய ஒரு குடியை, இரு நூற்றாண்டு ஐரோப்பியக் கற்பனை அலைகுடியாக்கியது போலவே, ஆற்றுப்படையைப் படித்த தமிழ்த் திறனாய்வும் பாணரை அலைகுடியாக்கியது. மேடை பாடகனுக்கு ஊதியம் தந்தது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அரங்கில் அமர்ந்திருப்போருக்குச் சுபராஜ் ஓத ஒரு குலமுறை இல்லை. பாட்டு மட்டும் தனித்து நிற்கிறது.

சங்கத் தொகைகளிலும் அத்தகையதொரு பிரிவு நிகழ்ந்துள்ளது. பரிபாடலின் அடிக்குறிப்புகள் பாடியவர் பெயரையும், இசை வகுத்தவர் பெயரையும், பண்ணையும் தனித்தனியே தருகின்றன. நன்னாகனார், பெட்டனாகனார், கண்ணாகனார் என இசைவகுத்தோர் பலர் பெயரால் அறியப்படுகின்றனர். சொல்லுக்கு ஒருவரும் இசைக்கு ஒருவரும் என்ற பகுப்பு அங்கே எழுத்திலேயே உள்ளது. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளில் முடத்தாமக்கண்ணியார், நத்தத்தனார், உருத்திரங்கண்ணனார், பெருங்கௌசிகனார் என்ற புலவர் பெயர்களும் பாடப்பட்டோர் பெயர்களும் உள்ளன. யாழின் பத்தல், போர்வை, மருப்பு, நரம்பு ஆகியவற்றை உறுப்புறுப்பாக வருணிக்கும் அந்நூல்களில், யாழ் தாங்கிய பாணர் எவருடைய பெயரும் குறிக்கப்படவில்லை.